அணுவாயுதத்தை எதிர்த்த மூதறிஞர்

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பேராக் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் பசி வாட்டியது. அரிசி கிடைப்பது அரிதாகிவிட்டதால் மரவள்ளிக்கிழங்கே பல குடும்பங்களின் அன்றாட உணவாயிற்று. தோட்டப் பாட்டாளிகள் பலர் சயாம் மரண இரயில் பாதை அமைக்கும் வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தனர். மலாயாவிலிருந்து அவ்வாறு சென்றவர்களுள் ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவே இல்லை. மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த ஜப்பானியர் ஆட்சி எப்போது முடியும் என்று தெரியாமல் மக்கள் தவித்தனர். அந்நிலையில்தான் ஜப்பான் சரணடைந்துவிட்டது என்னும் செய்தி நகரங்களிலிருந்து தோட்டத்து லயங்கள்வரை பரவியது. மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர்.

அந்தச் சரணடைவுக்குச் சில நாள்களுக்கு முன்னர், ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமா நகரின்மீதும் 9ஆம் நாள் நாகசாகி நகரின்மீதும் அமெரிக்கா அணுகுண்டுகளை வீசியிருந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 140,000 பேரும் நாகசாகியில் ஏறத்தாழ 70,000 பேரும் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. மாண்டவர்களுள் பள்ளிக் குழந்தைகளும் முதியவர்களும் நோயாளிகளும் அடங்குவர். நம் மக்களுக்கு விடுதலையைக் கொண்டு வந்த அந்த ஆகஸ்டு மாதம், அவ்விரு நகரங்களின் மக்களுக்குச் சாவைக் கொண்டு வந்தது.

போரை முடிக்க உதவிய ஓர் ஆயுதம் அமைதியையும் காக்குமா? இக்கேள்வி அடுத்த பல ஆண்டுகளுக்கு உலகை உலுக்கியது. காக்கும் என்று வல்லரசுகள் நம்பின. காக்காது என்று தம் முதுமையிலும் அயராமல் வாதிட்டவர்களுள் ஒருவர் தமிழர். அவரே மூதறிஞர் இராஜாஜி.

இளமையும் தொண்டும்

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி என்பது இராஜாஜியின் முழுப்பெயர். இவர் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், அன்றைய சேலம் மாவட்டத்தில் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். இவருடைய தந்தையார் அவ்வூரின் முன்சீப்பாகப் பணியாற்றினார். ஓசூரிலும் பெங்களூரிலும் கல்வி கற்ற இராஜாஜி, சென்னையில் சட்டம் பயின்றார். 1900ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். நுட்பமான வாதத் திறமையால் விரைவிலேயே புகழும் பொருளும் ஈட்டினார்.

அறிவியலைத் தாய்மொழியில் சொல்ல முடியும் என்பதில் அவருக்கு உறுதியான நம்பிக்கை இருந்தது. 1916ஆம் ஆண்டிலேயே அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் உருவாக்கும் முயற்சியில் நண்பர்களுடன் ஈடுபட்டார். வேதியியலின் அடிப்படைகளை எளிய மக்களும் புரிந்துகொள்ளும் வண்ணம் 'திண்ணை ரசாயனம்' என்னும் நூலை எழுதினார். அணு, தனிமம், கதிரியக்கம் முதலியவை அவருக்குப் புதிய சொற்கள் அல்ல. பின்னாளில் அணுவாயுதத்தைப் பற்றிப் பேசியபோது, அறிவியலை அறியாத ஒருவராக அவர் பேசவில்லை.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, வருவாய் மிகுந்த தொழிலைத் துறந்து விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். 1925ஆம் ஆண்டு திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர்த் தொழிலும் மதுவிலக்கும் தீண்டாமை ஒழிப்பும் அங்கு அவருடைய முதன்மைப் பணிகளாயின. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம்வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தூரம் தொண்டர்களுடன் நடந்து சென்று, உப்புச் சட்டத்தை மீறிச் சிறைப்பட்டார். காந்தியடிகளின் மனச்சாட்சிக் காவலர் என்று இவர் அழைக்கப்பட்டார்.

1937 முதல் 1939 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகப் பொறுப்பு வகித்தார். அப்போது பள்ளிகளில் இந்தி மொழியைக் கட்டாயப் பாடமாக்கியதால் தமிழ் மக்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். மக்கள் போற்றிய செயல்களும் மக்கள் ஏற்காத செயல்களும் அவருடைய வாழ்க்கையில் கலந்தே இருந்தன. ஆனால், தாம் சரியென்று நம்பியதைத் தனித்து நின்றாலும் சொல்லும் துணிவு அவரிடம் இறுதிவரை குறையவில்லை.

மலாயாவின் வீழ்ச்சியும் இராஜாஜியின் முடிவும்

இராஜாஜியின் அமைதிக் கொள்கையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமாயின், 1942ஆம் ஆண்டில் அவர் எடுத்த முடிவை அறிய வேண்டும். அந்த முடிவுக்கும் நம் நாட்டின் வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு.

1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஜப்பானியப் படை மலாயாவில் நுழைந்தது. ஈயமும் இரப்பரும் நிறைந்த இம்மண் போருக்கு வேண்டிய மூலப்பொருள்களின் களஞ்சியமாக இருந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் ஈப்போ வீழ்ந்தது. கம்பாரில் பிரிட்டிஷ் வீரர்களும் இந்திய வீரர்களும் புத்தாண்டு பிறக்கும் வேளையில் கடுமையாகப் போரிட்டும் எதிரியின் முன்னேற்றத்தைச் சில நாள்களே தாமதப்படுத்த முடிந்தது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் சரணடைந்தது. ஏப்ரல் மாதத்தில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் இந்தியாவின் கிழக்குக் கரையிலுள்ள விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசின. சென்னை நகர மக்கள் அச்சத்தால் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு விரைந்தனர்.

இந்நிலையில் இராஜாஜி, நாட்டைக் காப்பதே முதற்கடமை என்று கருதினார். முஸ்லிம் லீக் கட்சியுடன் உடன்பாடு கண்டு, தேசிய அரசு அமைத்து, படையெடுப்பை எதிர்க்க வேண்டும் என்று வாதிட்டார். காங்கிரஸ் பேரியக்கம் அக்கருத்தை ஏற்கவில்லை. காந்தியடிகளும் உடன்படவில்லை. நெருங்கிய நண்பர்கள் பலர் விலகிச் சென்றனர். இராஜாஜி தம் பதவிகளை விட்டு விலகினாரே தவிர, கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இதனால் ஓர் உண்மை விளங்குகிறது. தற்காப்பே கூடாது என்று சொன்னவர் அல்லர் இராஜாஜி. படையெடுத்து வருபவனை எதிர்த்து நிற்பது கடமை என்று ஏற்றவர் அவர். அத்தகைய ஒருவரே அணுவாயுதத்தை மட்டும் முற்றிலும் வேறுவகையான ஒன்றாகக் கண்டார். வாளும் துப்பாக்கியும் போர்க்களத்தில் எதிர்நிற்பவரைத் தாக்குகின்றன. அணுவாயுதமோ போரில் தொடர்பே இல்லாத மக்களையும் இன்னும் பிறக்காத குழந்தைகளையும் தாக்கும் தன்மையுடையது. அதனைத் தற்காப்புக் கருவி என்று அழைக்க அவர் மனம் ஒப்பவில்லை.

அச்சத்தின்மேல் கட்டப்பட்ட அமைதி

போர் முடிந்த நான்கே ஆண்டுகளில், 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், சோவியத் ஒன்றியமும் அணுகுண்டைச் சோதித்தது. 1952ஆம் ஆண்டு பிரிட்டன் மூன்றாவது அணுவாயுத நாடாயிற்று. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்கா நீர்வாயு குண்டு எனப்படும் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. 1957ஆம் ஆண்டு கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோவியத் ஒன்றியம் வெற்றிகரமாக ஏவியது. அதுவரை விமானத்தில் பல மணி நேரம் கொண்டு செல்லப்பட வேண்டியிருந்த குண்டு, இனி ஏறத்தாழ அரை மணி நேரத்தில் உலகின் மறுபக்கத்தை எட்டும் என்ற நிலை உருவாயிற்று. அணுவாயுத ஏவுகணைகளைத் தாங்கிய நீர்மூழ்கிக் கப்பல்களும் கடலுக்கடியில் உலவத் தொடங்கின.

இவ்வளவு அழிவுக் கருவிகளைக் குவித்த வல்லரசுகள் அதற்கு ஒரு காரணம் கூறின. ஒரு நாடு தாக்கினால், தாக்கப்பட்ட நாடு அதே அளவு அழிவைத் திருப்பிக் கொடுக்கும். இதனை இரு தரப்பும் அறிந்திருப்பதால் எவரும் முதலில் தாக்கத் துணியமாட்டார். இதுவே அச்சுறுத்தித் தடுக்கும் கொள்கை எனப்படுகிறது. இக்கொள்கையை ஆதரிப்போர், 1945க்குப் பிறகு வல்லரசுகளுக்கிடையே நேரடிப் பெரும்போர் மூளாததைச் சான்றாகக் காட்டுவர். அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் அதில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. பழைய இரப்பர்த் தோட்டத்து லயத்தை எண்ணிப் பார்ப்போம். பலகைச் சுவர்களால் பிரிக்கப்பட்ட வீடுகள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக இருக்கும். பகை கொண்ட இரு வீட்டார், ஒருவரையொருவர் அச்சுறுத்துவதற்காக மண்ணெண்ணெய்த் தகரங்களைத் தத்தம் வீட்டில் அடுக்கி வைத்து, தீப்பெட்டியும் கையுமாக அமர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அச்சத்தால் இருவரும் தீக்குச்சியை உரசாமல் இருக்கலாம். ஆனால், ஒரு நாள் ஒருவர் கை தவறினாலோ மற்றவரின் செயலைத் தவறாகப் புரிந்துகொண்டாலோ லயம் முழுவதும் எரிந்துபோகும். அந்தப் பகையில் பங்கே இல்லாத குடும்பங்களும் வீடிழக்கும். அணுவாயுதப் போட்டியில் சிறிய நாடுகளின் நிலை இதுவே.

பதவி துறந்தபின் எழுந்த குரல்

விடுதலைக்குப் பிறகு இராஜாஜி மேற்கு வங்காளத்தின் ஆளுநராகவும், 1948 முதல் 1950 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் பணியாற்றினார். இந்தியர் ஒருவர் அப்பதவியை வகித்தது அதுவே முதலும் கடைசியும் ஆகும். 1952ஆம் ஆண்டு மீண்டும் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். 1953ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கத் துணையதிபர் ரிச்சர்டு நிக்சன் ஆசியப் பயணத்தின்போது சென்னைக்கு வந்தார். அவரிடம் இராஜாஜி அணுவாயுதத்தின் கேட்டை விரிவாக எடுத்துரைத்தார். நிக்சன் பல்லாண்டுகளுக்குப் பிறகு தாம் எழுதிய நூலில் இந்தச் சந்திப்பை மதிப்புடன் நினைவுகூர்ந்தார்.

அதே காலத்தில் இராஜாஜி கொண்டு வந்த தொடக்கக் கல்வித் திட்டம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அத்திட்டம் பிள்ளைகளைக் குலத்தொழிலுக்குள்ளேயே முடக்கிவிடும் என்று மக்கள் கண்டித்தனர். 1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் பதவி விலகினார். அப்போது அவருக்கு வயது 75. பொது வாழ்க்கை முடிந்தது என்று பலர் எண்ணினர்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1954ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள், பசிபிக் பெருங்கடலிலுள்ள பிக்கினி தீவில் அமெரிக்கா மிகப் பெரிய ஹைட்ரஜன் குண்டைச் சோதித்திருந்தது. அதன் ஆற்றல் ஹிரோஷிமாவில் வீசப்பட்ட குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. வெடிப்பினால் எழுந்த கதிரியக்கச் சாம்பல், அறிவிக்கப்பட்ட ஆபத்து எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மீது வெள்ளைத் தூளாகப் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். அவர்களுள் ஒருவர் அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் உயிரிழந்தார். அருகிலிருந்த தீவுகளின் மக்களும் கதிரியக்கத்தால் பாதிக்கப்பட்டுத் தம் ஊர்களை விட்டு வெளியேற நேர்ந்தது.

போர் நடக்காத காலத்திலும் அணுகுண்டு மக்களைக் கொல்லும் என்பதை இந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது. திறந்தவெளியில் குண்டு வெடிக்கும்போது உண்டாகும் கதிரியக்கத் துகள்கள் வான்வெளியில் மிதந்து, காற்றோடு நாடு விட்டு நாடு சென்று, மழையோடு மண்ணில் இறங்குகின்றன. அவற்றுள் ஸ்டிரான்சியம்-90 என்பது சுண்ணாம்புச் சத்தைப் போன்ற தன்மையுடையது. அது புல்லில் படிந்து, புல்லைத் தின்னும் பசுவின் பாலில் கலந்து, பாலைக் குடிக்கும் குழந்தையின் எலும்பில் சேர்ந்துவிடும். குண்டைச் செய்த நாட்டுக் குழந்தையா, வேறு நாட்டுக் குழந்தையா என்று அத்துகள் பார்ப்பதில்லை.

இராஜாஜியின் வாதம் இவ்விடத்தில்தான் கூர்மை பெற்றது. காற்றும் நீரும் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை. அவற்றை நஞ்சாக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் இல்லை என்று அவர் வாதிட்டார். 1955ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கா அணுச் சோதனைகளைத் தொடருமானால் அந்நாடு வழங்கும் உதவியை இந்தியா ஏற்கக்கூடாது என்று இந்திய அரசைக் கேட்டுக்கொண்டார். வளர்ச்சிக்கு வெளிநாட்டு உதவி தேவைப்பட்ட காலத்தில் இவ்வாறு சொல்வதற்கு மிகுந்த துணிவு வேண்டும். பதவியும் அதிகாரமும் இல்லாத அவரிடம் இருந்தவை பேனாவும் பேச்சுமே. தமிழிலும் ஆங்கிலத்திலும் இடைவிடாமல் எழுதினார்.

மற்றொரு கருத்தும் அவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்தியது. எதிரி நிறுத்தினால் நானும் நிறுத்துவேன் என்று இரு வல்லரசுகளும் சொல்லிக்கொண்டிருந்தால் எவருமே நிறுத்தப்போவதில்லை. ஆகவே, யாரேனும் ஒருவர் நிபந்தனையின்றி முதலடி எடுத்து வைக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சிலர் எள்ளினர். இராஜாஜி பொதுவுடைமைக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். சோவியத் ஒன்றியத்தின்மீது கொண்ட பரிவினால் அவர் அமெரிக்காவைக் குறை கூறவில்லை. தம் நண்பராயினும் தவறு செய்தால் சுட்டிக்காட்டுவதே முறை என்று எண்ணினார்.

எண்பத்து மூன்று வயதில் ஒரு பயணம்

1958ஆம் ஆண்டின் இறுதியில் வல்லரசுகள் அணுச் சோதனைகளைத் தற்காலிகமாக நிறுத்தின. உலகம் சற்று ஆறுதல் அடைந்தது. ஆனால், 1961ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சோவியத் ஒன்றியம் சோதனைகளை மீண்டும் தொடங்கியது. அக்டோபர் 30ஆம் நாள் அது வெடித்த குண்டே மனிதன் இதுவரை வெடித்தவற்றுள் மிகப் பெரியது. 1962ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவும் வான்வெளிச் சோதனைகளைத் தொடர்ந்தது.

அவ்வாண்டு ஜூன் மாதம் காந்தி அமைதி நிறுவனம் புதுடில்லியில் அணுவாயுத எதிர்ப்பு மாநாடு ஒன்றைக் கூட்டியது. அதன் தொடர்ச்சியாக, வல்லரசுகளின் தலைவர்களை நேரில் சந்தித்து முறையிடத் தூதுக்குழு அனுப்ப முடிவாயிற்று. அமெரிக்கா செல்லும் குழுவுக்கு இராஜாஜி தலைமை ஏற்றார். ஆர். ஆர். திவாகரும் பி. சிவராவும் அவருடன் சென்றனர். பல்லாண்டுகள் அரசியலில் உயர் பதவிகளை வகித்திருந்தும் மேலைநாடுகளுக்குச் செல்லாதிருந்த இராஜாஜி, 83ஆம் வயதில் இப்பணிக்காகவே அமெரிக்க மண்ணில் கால் வைத்தார்.

1962ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் வெள்ளை மாளிகையில் அதிபர் ஜான் கென்னடியைக் குழுவினர் சந்தித்தனர். அதிபருக்கு வயது 45. எதிரே அமர்ந்திருந்தவர் அவருடைய பாட்டனார் வயதுடைய முதியவர். ஒருவர் உலகின் மிகப் பெரிய படையின் தலைவர். மற்றவர் எந்த அரசின் சார்பிலும் வராதவர். ஆயுதப் போட்டியில் அமெரிக்கா வெல்லக்கூடும் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த வெற்றியும் ஆபத்தானதே என்று இராஜாஜி எடுத்துரைத்தார். சோதனைகளை நிறுத்துவதில் முதலடி எடுக்குமாறு கேட்டுக்கொண்டார். கெஞ்சலும் கோபமும் இல்லாமல், வழக்கறிஞருக்குரிய தெளிவுடன் அவருடைய வாதம் அமைந்திருந்தது. குறுகிய நேரத்துக்கென ஒதுக்கப்பட்ட அச்சந்திப்பு ஒரு மணி நேரத்திற்கு மேல் நீண்டது. அந்த வாதத்தின் தெளிவையும் மொழியழகையும் கென்னடி பாராட்டினார்.

எனினும், சோதனைகள் மறுநாளே நின்றுவிடவில்லை. எதிரி சோதிக்கும்போது தாம் மட்டும் நிறுத்துவது நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கும் என்று அமெரிக்க அரசு கருதியது. இராஜாஜி வெற்றி முழக்கமின்றி நாடு திரும்பினார்.

உலகம் நடுங்கிய நாள்கள்

வெள்ளை மாளிகைச் சந்திப்பு நடந்து மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. 1962ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், கியூபா தீவில் சோவியத் ஒன்றியம் அணுவாயுத ஏவுகணைத் தளங்களை அமைத்து வருவதைக் காட்டும் படங்கள் கென்னடியிடம் காட்டப்பட்டன. கியூபா அமெரிக்கக் கரைக்கு மிக அருகில் உள்ள நாடு. அமெரிக்கப் போர்க்கப்பல்கள் தீவைச் சுற்றி வளைத்தன. பதின்மூன்று நாள்கள் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஒரு தவறான கட்டளை, ஒரு தவறான புரிதல் போதும். கோடிக்கணக்கான உயிர்கள் மாய்ந்திருக்கும்.

இறுதியில் இரு தலைவர்களும் இறங்கி வந்தனர். சோவியத் தலைவர் குருஷேவ் ஏவுகணைகளைக் கியூபாவிலிருந்து அகற்ற ஒப்புக்கொண்டார். கியூபாவின்மீது படையெடுக்கமாட்டோம் என்று அமெரிக்கா உறுதியளித்தது. துருக்கியில் இருந்த தன் ஏவுகணைகளை அகற்றவும் அது மறைமுகமாக இசைந்தது. அச்சுறுத்தித் தடுக்கும் கொள்கை உலகைக் காத்தது என்று சிலர் கூறுவர். அக்கொள்கைதான் உலகை அந்த விளிம்புக்கே கொண்டு சென்றது என்று வேறு சிலர் கூறுவர். விட்டுக்கொடுப்பும் பேச்சுவார்த்தையும் இல்லாமல் அந்த நெருக்கடி தீர்ந்திருக்காது என்பது மட்டும் உறுதி.

1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் மாஸ்கோவில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வான்வெளியிலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுச் சோதனை நடத்துவதில்லை என்று அவை உறுதி பூண்டன. இந்தியாவும் மலாயாவும் அவ்வொப்பந்தத்தில் இணைந்தன. அதன்பின் வான்வெளியில் கதிரியக்கத் துகள்களின் அளவு படிப்படியாகக் குறைந்தது.

இவ்வொப்பந்தம் ஒருவரால் விளைந்தது அன்று. ஜப்பானிய அன்னையர், மருத்துவர்கள், அறிவியலறிஞர்கள், பல நாட்டுத் தலைவர்கள் எனப் பலர் பல்லாண்டுகள் எழுப்பிய குரலுக்குக் கிடைத்த பயன் அது. அக்குரல்களுள் இராஜாஜியின் குரலும் ஒன்று. ஒப்பந்தம் முழுமையானதும் அன்று. நிலத்தடிச் சோதனைகள் தொடர்ந்தன. பிரான்சும் சீனாவும் அதில் சேராமல் மேலும் பல ஆண்டுகள் வான்வெளியிலேயே சோதனை நடத்தின.

இறுதிக் காலம்

இராஜாஜி தம் கொள்கையை எழுத்தில் மட்டுமன்றி இசையிலும் விட்டுச் சென்றார். 1966ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நியூயார்க் நகரில், ஐக்கிய நாடுகள் மன்றத்தில் இசையரசி எம். எஸ். சுப்புலட்சுமி பாடினார். அந்நிகழ்ச்சிக்காக இராஜாஜி ஆங்கிலத்தில் இயற்றிய அமைதி வேண்டும் பாடலை அவர் அங்கே பாடினார். மன்னிப்பையும் நாடுகளின் ஒற்றுமையையும் வேண்டும் அப்பாடல், பல நாட்டுப் பேராளர்கள் கூடும் மன்றத்தில் ஒலித்தது.

1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் சென்னையில் இராஜாஜி காலமானார். அப்போது அவருக்கு வயது 94. அவர் மறைந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத நிலையில், 1974ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியாவும் பொக்ரான் பாலைவனத்தில் நிலத்தடி அணுச் சோதனை நடத்தியது. இராஜாஜி எழுப்பிய கேள்வி அவருடைய தாய்நாட்டிலும் விவாதத்துக்குரியதாகவே நீடித்தது.

நம் நாடும் நாளைய உலகும்

இன்று உலகில் ஒன்பது நாடுகளிடம் ஏறத்தாழ 12,000 அணுவாயுதங்கள் உள்ளன. அவற்றோடு புதிய போர்த் தொழில்நுட்பங்களும் சேர்ந்துள்ளன. ஒலியைவிட ஐந்து மடங்குக்கும் மேலான வேகத்தில் பறந்து, வழியில் திசை மாறிச் செல்லும் ஏவுகணைகள் உருவாக்கப்பட்டுள்ளன. போர்த்துறையில் செயற்கை நுண்ணறிவு பயன்படத் தொடங்கியுள்ளது. கருவிகள் விரைவாகச் செயல்படும் அளவுக்கு, மனிதர் சிந்தித்து முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் குறைகிறது. கியூபா நெருக்கடியில் தலைவர்களுக்குப் பதின்மூன்று நாள்கள் கிடைத்தன. இனிவரும் நெருக்கடியில் சில நிமிடங்களே கிடைக்கலாம்.

சிறிய நாடுகளும் வாளாவிருக்கவில்லை. 1971ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தென்கிழக்காசிய நாடுகள் கூடி, இவ்வட்டாரம் அமைதியும் சுதந்திரமும் நடுநிலையும் நிலவும் வட்டாரமாக விளங்க வேண்டும் என்று அறிவித்தன. 1995ஆம் ஆண்டு பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்வழி, தென்கிழக்காசியா அணுவாயுதமற்ற வட்டாரமாயிற்று. அணுவாயுதங்களை முற்றாகத் தடை செய்யும் ஐ.நா. ஒப்பந்தத்தை மலேசியா 2020ஆம் ஆண்டு உறுதிப்படுத்தியது. ஆயினும், அணுவாயுத நாடுகள் எவையும் அத்தடை ஒப்பந்தத்தில் இன்னும் சேரவில்லை.

ஈப்போ இரயில் நிலையத்தின் எதிரே ஒரு போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. அன்று பசியால் வாடிய பாட்டாளிகள் பால் வெட்டிய தோட்டங்கள் பல, இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. போர் எவ்வளவு கொடியது என்பதை அனுபவித்து அறிந்த தலைமுறையினரும் மறைந்து வருகின்றனர். அந்த நினைவைக் காக்கும் கடமை இனி இளைய தலைமுறையினரைச் சார்ந்தது. இருவர் பகைத்து நிற்கும்போது முதலில் கையைத் தாழ்த்துபவரைக் கோழை என்று உலகம் எள்ளலாம். அந்த முதலடிக்குத்தான் மிகுந்த துணிவு வேண்டும் என்று நம்பிய ஒரு முதியவர், அதனைச் சொல்வதற்காகவே தம் முதுமையில் கடல் கடந்து சென்றார். அவருடைய கேள்விக்கு உலகம் இன்னும் முழுமையான விடை தரவில்லை.